ஐந்தாம் வேற்றுமை

பொலிச்கா ரயில் நிலையத்தில்
என் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்திருந்தாள் ராட்கா.
ரொமினா. எழுத்துப்பிழை இல்லை.
அதற்குப் பிறகு அந்தப் பெயரை
யாரும் அப்படியே விட்டுவைக்கவில்லை.

பெட்டி ரொமினியுடையதாம்.
துண்டை ரொமின்யேவுக்குக் கொடுக்க வேண்டுமாம்.
ஒன்பது வயது மாத்தோவுஷ்
ரொமினுவையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பள்ளியில் செக் மொழி ஆசிரியர்
பலகையில் ஏழு கோடு இழுத்தார்.
ஏழு வேற்றுமை, என்றார்.
எண்ணிப் பார்த்தேன்.
எனக்கு இன்னும் அதிகமாக வந்தது.

வீட்டுக்குள் ஒரு செருப்பு, பள்ளிக்குள் இன்னொன்று.
உருகுவேயின் பைசந்தூவில்
கோடை முழுக்க வெறுங்காலோடு திரிந்தவள் நான்.
இங்கே தரையைப் பாதம் தொடுவது
ஏதோ குற்றம் போல.
லுபோஷின் பழைய கம்பளி ஜோடி, அளவு நாற்பத்து நான்கு.
நான் படி இறங்குவதற்குள் அவை இறங்கியிருக்கும்.

அங்கே நான் வாயைத் திறந்தால் வகுப்பு சிரிக்கும்.
வேதியியல் ஆசிரியை போல நடந்து காட்டி
இரண்டு முறை வெளியே நின்றிருக்கிறேன்.
இங்கே, 'மிக அமைதியான பெண்' என்று
ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டார்.
அம்மா போனில் கேட்டாள்:
யாரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்?

நன்றி. நல்லா இருக்கு. தெரியாது.
மூன்று சொல்லில் மூன்று வாரம் ஓட்டினேன்.
நடுச்சொல்தான் வினையாயிற்று.

முதல் வியாழன்.
சதகுப்பைக் கீரை மிதக்கும் வெள்ளைக் குழம்பு,
நடுவில் அவித்த முட்டை,
ஓரத்தில் மாவுருண்டைத் துண்டுகள்.
இனிப்பா புளிப்பா, நாக்கே முடிவெடுக்கவில்லை.
நல்லா இருக்கு, என்றேன்.
ராட்காவின் முகத்தில் யாரோ சுவிட்சைப் போட்டார்கள்.
அடுத்த வியாழனும் அதே குழம்பு.
அதற்கடுத்த வியாழனும்.
விருந்தும் மருந்தும் மூன்று நாள்.
எனக்கு இரண்டும் ஒரே தட்டில்
பதினோரு வாரம்.

இடையில் ஒரு ராத்திரி
ஜன்னலில் நிலா தலைகீழாக நின்றது.
கறையெல்லாம் இடம் மாறி.
மாத்தோவுஷிடம் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.
அவன் கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு
வெகுநேரம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னான்.
புரியவில்லை.
நானும் பக்கத்தில் அப்படியே தொங்கினேன்.
எங்கள் ஊர் நிலா.

நவம்பரில், முதல் பனி விழுந்த மறுநாள்,
கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது.
முயலைக் காணோம்.

'ரொமினோ!'

படிக்கட்டின் கீழிருந்து ராட்கா.
கூப்பிடுவதற்கென்றே உள்ள வடிவம், பலகையில் ஐந்தாவது.
இதுவரை அதை என் மேல் யாரும்
இப்படி எறிந்ததில்லை.
மாத்தோவுஷைத் திட்டும் அதே தொண்டை.

நான் இல்லை, என்று கத்தினேன், மாத்தோவுஷ்தான்,
என் கண்ணால் பார்த்தேன்,
அவன் ஒருநாளும் மூடுவதில்லை,
நீங்கள் ஒருநாளும் அவனைக் கேட்பதில்லை,
எனக்கு அந்த வியாழக்கிழமைக் குழம்பும் பிடிக்காது!

விகுதிகள் எங்கெங்கே போய் ஒட்டினவோ.
யாரும் திருத்தவில்லை.
லுபோஷ் ரொட்டிக் கத்தியை மெல்லக் கீழே வைத்தார்.
எனக்கும் பிடிக்காது, என்றார்.
எனக்கும், என்றான் மாத்தோவுஷ்,
முயல் விஷயம் மறந்துபோகும் என்ற அவசரத்தில்.
ராட்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.
'இவளுக்குப் பிடிக்கிறதே என்றுதானே
வாராவாரம் கிளறினேன்.
எனக்கு அந்த வாடையே ஆகாது.'

முயல் சாயங்காலம் தானாக வந்து நின்றது.
ஃப்ரிட்ஜ் கதவின் வேலைப் பட்டியலில்
பச்சை மையில் புதிதாக ஒரு வரி:
சனி, குப்பை, ரொமினா.

பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய்
திரும்பும்போதுதான் குனிந்து பார்த்தேன்.
காலில் நாற்பத்து நான்கு.
கம்பளி முழுக்கச் சேறும் பனியும்.
கதவுக்குப் பின்னால்
ராட்கா மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.